ஸ்கேன் ஆன நூல் யாருக்குத் திறக்கும்? நூலக மின்னாக்கம்: வாசகர் கேள்வி – பதில்

நூலகத் தொகுப்புகளை மின்னாக்குவது பற்றி வந்த கேள்விகள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சுற்றியே இருந்தன. பணம் எங்கிருந்து வரும்? அந்தப் பணத்தில் உருவாகும் கோப்புகளைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா? இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. பணம் எந்த நிபந்தனையோடு வருகிறதோ அந்த நிபந்தனைதான் பிறகு வாசலில் நிற்கும்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் சுமார் 1,000 பழைய நூல்களை மின்னாக்க நினைக்கிறோம். ஸ்கேன் செய்யும் நிறுவனம் பக்கத்துக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டது. பக்க எண்ணிக்கையால் பெருக்கினால் திட்டச் செலவு வந்துவிடும் அல்லவா?

வராது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வரும். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் புக்லியா 1999-ல் பல திட்டங்களின் கணக்குகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். படமெடுப்புக்கு 32 விழுக்காடு, பட்டியலிடுதலுக்கும் விவரக் குறிப்புக்கும் 29, நிர்வாகம், தரச் சோதனை முதலியவற்றுக்கு 39 என்று வந்தது. அதற்குப் பிறகு கேமராவும் வட்டும் மலிந்துவிட்டன. ஆள் உழைப்பு மலியவில்லை. ஆகவே இன்று ஸ்கேன் கட்டணத்தை மட்டும் வைத்துப் போடும் கணக்கு இன்னும் அதிகமாகத் தவறும்.

விடுபடுகிற செலவுகள் எவை? அலமாரியிலிருந்து எடுப்பது, தூசு தட்டுவது, கிழிந்த ஓரங்களை ஒட்டுவது, ஒவ்வொரு நூலின் பட்டியல் பதிவையும் நூலோடு ஒப்பிடுவது, பதிப்புரிமை விசாரிப்பது, வந்த படங்களைச் சரிபார்ப்பது, நூலை அதன் இடத்தில் திரும்ப வைப்பது. கடைசியாகச் சேமிப்பு. ஏ5 அளவுப் பக்கம் ஒன்றை 400 பிபிஐ-யில் (அங்குலத்துக்கு 400 புள்ளி) 24 பிட் வண்ணத்தில் சுருக்காத டிஃப் கோப்பாக எடுத்தால் ஏறக்குறைய 23 எம்பி. 300 பக்க நூல் 7 ஜிபி, 1,000 நூல்கள் 7 டிபி. மூன்று பிரதி வைக்க வேண்டும் என்பதால் 21 டிபி. வாசகருக்குக் காட்டும் ஜேபெக் பக்கத்துக்கு அரை எம்பி என்று வைத்தால் மொத்தமும் 150 ஜிபி-யில் அடங்கிவிடும். வாசகர் பார்ப்பது சிறியது, காப்பாற்ற வேண்டியது பெரியது. நிதி கேட்கும்போது இந்த வித்தியாசம் மறந்துபோகிறது.

விலை பேசுமுன் 20 நூல்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பாருங்கள். நல்ல நூல்களாகப் பார்த்துப் பொறுக்காதீர்கள். ஐந்து நல்ல நிலையில் உள்ளவை, ஐந்து தையல் இறுகியவை, ஐந்து தாள் ஒடிபவை, ஐந்து மடிப்பு வரைபடமோ ஒட்டுப்படமோ உள்ளவை. ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று குறியுங்கள். கருவியின் விவரத் தாளில் இருக்கும் வேகம் ஒடியும் தாளுக்குப் பொருந்தாது. அந்தக் குறிப்பிலிருந்து வரும் எண்ணை ஆயிரத்துக்கு நீட்டி, மேலே 10 முதல் 15 விழுக்காடு எதிர்பாராச் செலவுக்குச் சேருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. 1,000 தலைப்புகளையும் இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாதிடிரஸ்ட், கூகுள் புக்ஸ் ஆகிய மூன்று இணைய நூலகங்களிலும் தேடுங்கள். முழுதாகவும் தெளிவாகவும் ஏற்கெனவே கிடைப்பவற்றைப் பட்டியலின் அடிக்குத் தள்ளுங்கள். தேடும்போது பதிப்பாண்டையும் பக்க எண்ணிக்கையையும் பாருங்கள். தலைப்பு ஒன்றாக இருந்து பதிப்பு வேறாக இருப்பது மிகச் சாதாரணம்.

கேள்வி: மூன்று முறை நிதி விண்ணப்பம் போட்டோம், மூன்று முறையும் கிடைக்கவில்லை. தொகுப்பு அரியது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. எங்கே தவறுகிறோம்?

அரியது என்பது விண்ணப்பத்தின் முதல் பத்தி மட்டும்தான். நிதி தருபவர் அடுத்துக் கேட்பது, முடிந்தபின் யார் பார்ப்பார்கள், எங்கே பார்ப்பார்கள், பத்தாவது ஆண்டில் யார் பொறுப்பு என்பது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் கருவிகளின் பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தந்துவிட்டு, இந்த மூன்றுக்கும் ஒரே வரியில் பதில் சொல்கின்றன.

எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதும் முக்கியம். பிரிட்டிஷ் நூலகம் ஆர்க்கேடியா நிதியின் துணையோடு 2004 முதல் நடத்தும் 'அழியும் நிலை ஆவணங்கள் திட்டம்' ஆபத்தில் உள்ள மூல ஆவணங்களுக்கானது. மூலம் அதன் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது, படங்களின் பிரதி உள்ளூர் நிறுவனத்திடமும் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் நூலகமும் அதே ஆர்க்கேடியாவின் ஆதரவில் 20-ஆம், 21-ஆம் நூற்றாண்டு ஆவணங்களுக்கென ஒரு திட்டம் நடத்துகிறது. அமெரிக்காவின் கிளிர் அமைப்பு மெல்லன் அறக்கட்டளை நிதியில் 2015-ல் தொடங்கிய 'மறைந்த தொகுப்புகள்' திட்டத்தில், உருவாக்கும் விவரக் குறிப்புகளை சிசி0 உரிமத்தில், அதாவது எந்த நிபந்தனையும் இன்றிப் பொதுவில் விட வேண்டும். நூற்றாண்டுப் பழமையான, அழியும் ஆபத்து எதுவுமில்லாத அச்சு நூல்களை முதல் திட்டத்துக்கு அனுப்பினால் அது தள்ளுபடி ஆவதில் வியப்பில்லை.

இந்த முறை விண்ணப்பத்தில், 20 நூல் சோதனையின் நிமிடக் கணக்கைச் சேருங்கள். திறந்த அணுகலை 'முயல்வோம்' என்று எழுதாமல், எத்தனை நூல், எந்தத் தேதியில், எந்த உரிமக் குறியோடு, பதிவு செய்யாமலே திறக்குமா என்று எழுதுங்கள். நிதிக்காலம் முடிந்தபின் சேமிப்புச் செலவை ஏற்பதாக நூலக நிர்வாகம் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றையும் இணையுங்கள். அந்தக் கடிதத்தை வாங்க முடியவில்லை என்றால் குறை விண்ணப்பத்தில் இல்லை, திட்டத்திலேயே இருக்கிறது.

கேள்வி: ஒரு வணிக நிறுவனம் எங்கள் தொகுப்பு முழுவதையும் செலவில்லாமல் ஸ்கேன் செய்துதர முன்வந்துள்ளது. பதிலுக்குச் சில ஆண்டுகள் இணையத்தில் அவர்களுக்கு மட்டுமே உரிமை. சம்மதிக்கலாமா?

சம்மதிக்கலாம், ஆனால் அவர்கள் எழுதிக் கொண்டுவரும் ஒப்பந்தத்தில் அல்ல.

உலகத்தின் பெரிய நூலகங்கள் இந்தப் பாதையில் நடந்திருக்கின்றன. கூகுள் 2004-ல் மிச்சிகன், ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டு, நியூயார்க் பொது நூலகம் ஆகியவற்றோடு சேர்ந்து நூல்களை ஸ்கேன் செய்யத் தொடங்கியபோது நூலகங்கள் ஸ்கேன் படங்களின் ஒரு பிரதியைத் தமக்கும் கேட்டு வாங்கின. அப்படி வாங்கிய பிரதிகளை ஒன்றுசேர்த்துத்தான் 2008-ல் ஹாதிடிரஸ்ட் பிறந்தது. அதே ஒப்பந்தங்களில் மொத்தமாகத் தரவிறக்குவதை நூலகமே தடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அதன் விளைவு நெடுங்காலம் நீடித்தது: பதிப்புரிமை முடிந்த நூலாக இருந்தாலும், கூகுள் ஸ்கேன் செய்தது என்றால் முழு பிடிஎஃப் உறுப்பு நிறுவனத்தாருக்கே, மற்றவர்களுக்குப் பக்கம் பக்கமாகத்தான். கையெழுத்துப் போட்ட நாளில் சின்னதாகத் தெரிந்த ஒரு வாக்கியம் அது.

பிரான்ஸ் தேசிய நூலகம் 2013-ல் ஆய்வுத் தரவுத்தளங்களை விற்கும் புரோக்வெஸ்ட் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தையும் பாருங்கள். 1470 முதல் 1700 வரையிலான 70,000 நூல்கள், பத்தாண்டுத் தனியுரிமை, அதாவது அதுவரை இணையத்தில் நிறுவனத்துக்கு மட்டுமே உரிமை. உடனே அந்நூலகத்தின் காலிக்கா தளத்தில் எல்லோருக்கும் திறந்தவை 3,500 மட்டும், அதாவது நூற்றுக்கு ஐந்து. மற்றவற்றை நூலகத்துக்குள் வந்து பார்க்கலாம். முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே பொதுச் சொத்தாகிவிட்ட நூல்களைப் பூட்டுவதா என்று அங்கே பெரும் எதிர்ப்பு எழுந்தது, அது நியாயமான எதிர்ப்பு. அதே 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாகவே சொல்லிவிட்டது: பண்பாட்டுச் செல்வங்களை மின்னாக்கும் தனியுரிமை பொதுவாகப் பத்தாண்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பதினோராம் ஆண்டில் மறுபரிசீலனை, நூலகத்துக்கு ஒரு பிரதி இலவசம். இதற்கு ஈராண்டு முன்பு அதே ஒன்றியம் அமைத்த அறிஞர் குழு ஏழாண்டே போதும் என்று பரிந்துரைத்திருந்தது. பேச்சை ஏழில் தொடங்குங்கள்.

நல்ல முன்மாதிரியும் உண்டு. 1700-க்கு முந்தைய ஆங்கில அச்சு நூல்களைத் தட்டச்சு உரையாக்க மிச்சிகன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள் புரோக்வெஸ்டோடும் பல நூலகங்களோடும் செலவைப் பகிர்ந்தன. பணம் போட்டவர்களுக்கு முதலில், குறித்த காலத்துக்குப் பின் அனைவருக்கும் என்பது தொடக்கத்திலேயே எழுதப்பட்டது. 2015 ஜனவரி 1 அன்று முதல் கட்டத்தின் 25,000 உரைகள் முழுப் பொதுச் சொத்தாயின. தேதி எழுதப்பட்டிருந்ததால், வாக்கு காப்பாற்றப்பட்டது.

உங்கள் ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். தனியுரிமைக் காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? 'இணையத்தில் வெளியிட்ட நாளிலிருந்து' என்று இருந்தால் அவர்கள் வெளியிடாமலே வைத்திருக்கலாம், கடிகாரம் ஓடாது. 'ஒவ்வொரு தொகுதியும் படமெடுத்து முடிந்த நாளிலிருந்து' என்று மாற்றுங்கள். மூலத் தரக் கோப்புகள் மாதாமாதம் உங்கள் கைக்கு வர வேண்டும், திட்ட முடிவில் அல்ல. பாதியில் நின்றால் பாதியாவது கையில் இருக்கும். படங்களோடு எழுத்துணரி உரையும் (படத்திலுள்ள எழுத்தை மென்பொருள் படித்துத் தரும் உரை) விவரக் குறிப்பும் சேர்ந்து வர வேண்டும். நிறுவனம் விற்கப்பட்டாலோ மூடப்பட்டாலோ தனியுரிமை அன்றே முடிய வேண்டும். மூல நூலை வேறொருவர் படமெடுக்க உங்களுக்குள்ள உரிமையை எந்தச் சூழலிலும் விடாதீர்கள். தனியுரிமை அவர்கள் எடுத்த படத்துக்கு மட்டுமே, நூலுக்கு அல்ல. நூலக வளாகத்துக்குள் வாசகர் எவருக்கும் முதல் நாளிலிருந்தே இலவசம். ஒப்பந்தத்தை ரகசியமாக வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பொதுச் சொத்தைப் பற்றிய ஒப்பந்தம் பொதுமக்கள் கண்ணில் பட வேண்டும்.

கேள்வி: பதிப்புரிமை முடிந்த நூலின் ஸ்கேனில் 'உரிமை நூலகத்துக்கே' என்று போடலாமா?

போடாதீர்கள். தட்டையான ஒரு படைப்பை உள்ளது உள்ளபடி படமெடுப்பதில் புதிய பதிப்புரிமை எழாது என்று நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் 1999-ல் பிரிட்ஜ்மன் வழக்கில் சொன்னது. பதிப்புரிமை முடிந்த ஓவியம், படம் போன்ற காட்சிப் படைப்புகளின் வெறும் நகலுக்குப் பதிப்புரிமை இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆணை, 14-ஆம் பிரிவில் எழுதியே வைத்திருக்கிறது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், இல்லாத உரிமையைக் கோருவதால் நடப்பது ஒன்றுதான்: நேர்மையான ஆய்வாளர் பயந்து ஒதுங்குவார், மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஐரோப்பியப் பண்பாட்டுத் தொகுப்புகளின் இணையத் தளமான யூரோப்பியானாவும் அமெரிக்க டிஜிட்டல் பொது நூலகமும் 2016-ல் சேர்ந்து வகுத்த 12 உரிமைக் குறிகள் இருக்கின்றன. பொருந்துவதை ஒவ்வொரு நூலுக்கும் இடுங்கள். பக்கத்தின் குறுக்கே நீர்க்குறி வேண்டாம். அது எழுத்துணரியையும் குழப்பும். நூலகத்தின் பெயரைக் கோப்பின் விவரக் குறிப்பிலும் அட்டைக்கு முன் ஒரு தனிப் பக்கத்திலும் வையுங்கள்.

கேள்வி: படங்களை விற்று, தரவிறக்கத்துக்குக் கட்டணம் வாங்கித் திட்டத்தை அதன் காலில் நிற்க வைக்க முடியாதா?

அநேகமாக முடியாது. மெல்லன் அறக்கட்டளை ஆதரவில் 2004-ல் அமெரிக்கக் கலை அருங்காட்சியகங்களில் நடந்த ஆய்வு இதையே காட்டியது: செலவை மீட்க எல்லோரும் விரும்பினார்கள், உண்மையில் மீட்டதாகச் சொன்னவர் ஏறக்குறைய எவரும் இல்லை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒருவர் பதில் எழுத வேண்டும், பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும், கோப்பு அனுப்ப வேண்டும், கணக்கு எழுத வேண்டும். வசூலைவிட அந்தச் சம்பளம் கூடிவிடுகிறது. நியூயார்க் பொது நூலகம் 2016 ஜனவரியில், பதிப்புரிமைக் கட்டுப்பாடில்லாத 1,80,000-க்கும் மேற்பட்டவற்றின் உயர்தரப் படங்களை அனுமதி கேட்காமலே எடுத்துக்கொள்ளத் திறந்துவிட்டது.

கட்டணம் வாங்க நியாயமான இடம் உழைப்பு. இன்னும் ஸ்கேன் ஆகாத நூலை ஒருவர் அவசரமாகக் கேட்டால் அந்த வேலைக்கு வாங்குங்கள். அப்படி எடுத்த படம் அவரோடு முடங்காமல் அடுத்த வாரமே பொதுத் தளத்தில் ஏறட்டும். ஒரு வாசகர் கொடுத்த பணத்தில் நூறு வாசகர் படிப்பார்கள்.

கேள்வி: பதிப்புரிமை இன்னும் உள்ள, ஆனால் கடைகளில் கிடைக்காத நூல்களை என்ன செய்வது?

பெர்ன் உடன்பாட்டின்படி ஆசிரியர் இறந்தபின் குறைந்தது 50 ஆண்டு. பல நாடுகளில் 60, 70. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இந்த இருட்டுக்குள் கிடக்கிறது. அதிகம் தேடப்படுவதும் அதே காலத்து நூல்கள்தான்.

நார்வே கண்ட வழி எங்களுக்கு மிகவும் பிடித்தது. தேசிய நூலகம் கோபினோர் என்ற உரிமையாளர் கூட்டமைப்போடு ஒரே ஒப்பந்தம் போட்டது. 2005-ஆம் ஆண்டு வரை நார்வேயில் வெளியான நூல்களை அந்நாட்டு இணைய முகவரியிலிருந்து எவரும் முழுதாகப் படிக்கலாம். காட்டப்படும் பக்கங்களுக்கு நூலகம் ஆண்டுதோறும் பணம் செலுத்துகிறது. பதிப்புரிமை உள்ளவற்றைத் தரவிறக்கவோ அச்சிடவோ முடியாது, விரும்பாத ஆசிரியர் தன் நூலை விலக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆசிரியரின் வாரிசையும் தேடி அலையும் வேலை இல்லை. ஆனால் இதற்குச் சட்டத்தின் ஆதரவும் வலுவான உரிமையாளர் கூட்டமைப்பும் வேண்டும்.

அவை இல்லாத இடத்திலும் நூலகம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. முழு உரையைத் தேட வைத்துச் சில வரிகளை மட்டும் காட்டுவது நியாயமான பயன்பாடு என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல் கூகுள் வழக்கில் ஏற்றது. அதே நீதிமன்றம் 2024 செப்டம்பரில், முழு நூலையும் ஸ்கேன் செய்து கடன் கொடுத்த இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கோடு எங்கே விழுகிறது என்பது இந்த இரண்டிலிருந்து தெரியும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 2013-ல் ஏற்கப்பட்ட மராகேஷ் உடன்படிக்கை தனிக் கதவே திறந்திருக்கிறது. உங்கள் நாடு அதில் சேர்ந்திருந்தால் அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் தர உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. தமக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே எத்தனையோ நூலகங்களுக்குத் தெரியாமல் கிடக்கிறது. முதலில் இதைத் தொடங்குங்கள்.

உரிமையாளரைத் தேடியும் கிடைக்காவிட்டால், எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு எழுதினீர்கள், என்ன பதில் வந்தது என்று நூல்வாரியாகப் பதிவேடு வைத்திருங்கள். பின்னாளில் ஒருவர் வந்து கேட்டால் உங்களைக் காப்பது அந்தப் பதிவேடுதான்.

கேள்வி: நிறுவனம் 40,000 படங்களை ஒப்படைத்துவிட்டுப் பணம் கேட்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

பணத்தை ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். தொகுதிதோறும் சோதித்து ஏற்றபின் என்று பிரித்து, கடைசி 20 விழுக்காட்டை எல்லாப் பிழையும் திருத்திய பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

முதல் சோதனை கண்ணுக்கு அல்ல, எண்ணுக்கு. நூலைக் கையில் எடுத்து அட்டை, வெற்றுத் தாள், படத் தாள் எல்லாவற்றையும் சேர்த்துப் பக்கங்களை எண்ணுங்கள். கோப்பு எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். இரண்டு கேமரா வைத்த 'வி' வடிவத் தொட்டிலில் நூல் பாதி திறந்து படுத்திருக்கும், ஒரு கேமரா இடப்பக்கத்தையும் மற்றது வலப்பக்கத்தையும் எடுக்கும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டால் ஓர் இடப்பக்கமும் ஒரு வலப்பக்கமும் சேர்ந்தே போய்விடும். இரு கேமராவின் எண்ணிக்கையும் அப்போதும் சமமாகவே இருக்கும், கருவி எச்சரிக்காது. நூலில் அச்சிட்ட பக்க எண்ணைக் கோப்பு எண்ணோடு பொருத்திப் பார்த்தால்தான் பிடிபடும். முதல், நடு, கடைசி என மூன்று இடத்தில் பாருங்கள். வித்தியாசம் மூன்றிலும் ஒரே அளவாக இருந்தால் அநேகமாக ஒன்றும் விடுபடவில்லை. நடுவில் 2, கடைசியில் 4 என்று மாறினால் இரண்டு இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது.

பிறகு ஒவ்வொரு நூலிலும் பத்தில் ஒரு பக்கத்தை நூறு விழுக்காடு அளவில் திறந்து பாருங்கள். தையலை ஒட்டிய முதல் எழுத்து முழுதாக இருக்கிறதா? கண்ணாடி சரியாக அழுத்தாவிட்டால் அங்கேதான் வரி வளைந்து மங்கும். மெல்லிய தாளில் பின்பக்க அச்சு நிழலாகத் தெரிகிறதா? படமெடுக்கும்போது தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாள் ஒன்றைச் செருகினால் அது போய்விடும். அதைச் செய்யாத நூல்களை மறுபடி எடுக்கச் சொல்லலாம். புள்ளிப் புள்ளியாய் அச்சிட்ட படங்களில் அலை அலையாய்க் கோலம் விழுகிறதா? ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்திலும் வண்ண அட்டையும் அளவுகோலும் வைத்து ஒரு படம் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் தாளின் பழுப்பு உண்மையா, விளக்கின் மஞ்சளா என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

கடைசியாக, எல்லாக் கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண் (கோப்பில் எது மாறினாலும் மாறிவிடும் எண்) பட்டியலை நிறுவனமே தர வேண்டும். வட்டிலிருந்து நகலெடுத்தபின் உங்கள் பக்கம் மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தும் வரை அவர்களுடைய வட்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எழுத்துணரி 98 விழுக்காடு துல்லியம் என்கிறார்கள். அது போதாதா?

98 என்பது எழுத்துக் கணக்கு. வாசகர் தேடுவது சொல்லை. ஆறு எழுத்துச் சொல்லில் ஆறும் சரியாக வர வாய்ப்பு 0.98-ஐ ஆறு முறை பெருக்கினால் வருவது, ஏறக்குறைய 89 விழுக்காடு. ஒன்பது சொல்லில் ஒன்று தேடலில் சிக்காது. 95 விழுக்காடு என்றால் நாலில் ஒரு சொல்லுக்கு மேல் தொலைந்துவிடும். தமிழில் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்ற 13 எழுத்துகள் வேறு உருவில் இருக்கும். இன்றைய எழுத்துருவில் மட்டும் பயின்ற எழுத்துணரி அவற்றில் திணறும். உங்கள் நூல்களிலிருந்தே 20 பக்கத்தைக் கையால் தட்டச்சு செய்து, அதோடு ஒப்பிட்டு, சொல் துல்லியம் எவ்வளவு என்று கேளுங்கள்.

இதழ்களில் இன்னொரு தொல்லை. அருகருகே உள்ள இரண்டு பத்திகளையும் எழுத்துணரி குறுக்கே ஒரே வரியாகப் படித்துவிடும். எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் வாக்கியம் எதுவும் தேறாது.

பிழை இருக்கிறது என்பதற்காக வெளியிடாமல் காத்திருக்க வேண்டாம். ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 2008-ல் பழைய செய்தித்தாள்களைப் பிழையோடு திறந்து, திருத்தும் உரிமையை வாசகர்களுக்கே கொடுத்தது. மக்கள் கோடிக்கணக்கான வரிகளைத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: நிதிக்காலம் மூன்றாண்டு. அதன் பிறகு?

அதே ஆஸ்திரேலிய நூலகம் அந்தச் செய்தித்தாள்களை வைத்திருக்கும் டிரோவ் தளம், 2023 நடுவோடு பணம் தீர்ந்து நின்றுவிடும் என்ற நிலைக்கு வந்தது. வாசகர்கள் திரண்டு குரல் கொடுத்த பிறகு, அந்த ஏப்ரலில் அரசு நான்காண்டுக்கு நிதியும் அதற்கப்பால் நிலையான ஆண்டு ஒதுக்கீடும் அறிவித்தது. அவ்வளவு பயன்பட்ட தளமே அந்த விளிம்புவரை போனது. திட்ட நிதியால் கட்டியதை ஆண்டு வரவுசெலவில்தான் காப்பாற்ற முடியும். சேமிப்பு, வழங்கி, பாதி நேர ஊழியர் ஒருவர் ஆகியவை நூலகத்தின் வழக்கமான கணக்கில், மின்கட்டணம் போல, இரண்டாம் ஆண்டிலேயே ஏறிவிட வேண்டும்.

பணம் மட்டும் ஆபத்தல்ல. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, மின்னாக்கிய சுவடிகள் நெடுநாள் வாசகர் கண்ணிலிருந்து மறைந்தன. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில், அதுவும் வலையமைப்போடு இணையாமல். வன்தட்டை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றத் திட்டமிடுங்கள். எல்டிஓ வகைக் காந்த நாடா வைத்திருந்தால் தலைமுறையைக் கவனியுங்கள்: எல்டிஓ-8 கருவி எல்டிஓ-7 நாடாவைப் படிக்கும், எல்டிஓ-6-ஐப் படிக்காது. நாடா பத்திரமாக இருந்து கருவி இல்லாமல் போவது அடிக்கடி நடப்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பு எண்களை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

முகவரியும் அழியும். தளத்தின் மென்பொருள் மாறும்போது பழைய இணைப்பெல்லாம் செத்துவிட்டால், அந்த நூலை மேற்கோள் காட்டிய அத்தனை கட்டுரையும் கதவில்லாத சுவரைக் காட்டும். ஒவ்வொரு நூலுக்கும் ஏஆர்கே போன்ற நிலையான அடையாள எண்ணைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். பதிப்புரிமை இல்லாதவற்றின் இன்னொரு பிரதியை இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஏற்றுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் இப்போது மின்னாக்கத்துக்குப் பணம் தர வருகின்றனவே?

வருகின்றன. ஹார்வர்டு நூலகம் கூகுள் திட்டத்தில் ஸ்கேன் ஆன, பதிப்புரிமை முடிந்த ஏறக்குறைய பத்து லட்சம் நூல்களின் உரையை 2025-ல் தரவுத் தொகுப்பாக வெளியிட்டது. அந்த முயற்சிக்கு மைக்ரோசாஃப்டும் ஓபன்ஏஐ-யும் நிதி தந்தன. தொகுப்பு பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும் என்று மூடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதே அளவுகோலை வையுங்கள். பணம் வாங்கலாம், தனியுரிமை தர வேண்டாம். அவர்கள் திருத்திய எழுத்துணரி உரை உங்களுக்கும் வர வேண்டும். அது பலசமயம் நூலகத்தால் செய்யக்கூடியதைவிட நன்றாக இருக்கும். வாழும் மனிதர்களின் கடிதம், மருத்துவக் குறிப்பு, கல்விப் பதிவு உள்ள பெட்டிகளை முன்கூட்டியே பிரித்து வெளியே எடுத்து வையுங்கள்.

பணம் தராமலே அள்ளிப் போகும் தானியங்கி நிரல்களால் சிறிய நூலகத் தளங்கள் படுத்துவிடுகின்றன. அதற்குப் பயந்து எல்லா வாசகருக்கும் கடவுச்சொல் போட்டுவிட வேண்டாம். ஒரே முகவரி நிமிடத்துக்கு இத்தனை பக்கம் என்று வரம்பு வையுங்கள். பக்கப் படங்களை முன்கூட்டியே உருவாக்கி இடைத்தேக்கத்தில் (கேஷ்) தயாராக வையுங்கள். மொத்தமாக வேண்டுவோருக்கு உரைகளையும் விவரக் குறிப்புகளையும் ஒரே பொதியாகத் தனி வழங்கியில் போட்டு, அதன் முகவரியை முகப்பிலேயே எழுதிவிடுங்கள்.